இருபது முகம், பன்னிரண்டு முனை: மெட்ராஸ் ஐ வைரஸின் உடலமைப்பு

பழையசீவரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அங்கே எப்படி நடந்தது என்பதை அது சொல்கிறது. வைத்தியம் பார்க்க ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வர இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர் என்று ஆட்களையும், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லையும் கணக்காகக் குறித்திருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் சுநேத்ரி என்ற கண் மருந்தின் பெயரும் வருகிறது.

அந்த வைத்தியரிடம் கண் சிவந்து வந்தவர்களில் சிலருக்கு, இன்று நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்லும் நோயே இருந்திருக்கலாம். அது எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. நமக்கு இருக்கிறது. அந்த நோயை உண்டாக்கும் அடினோவைரஸின் உடலை, அதன் புரதங்களில் அணுக்கள் நிற்கும் இடம் வரைக்கும் விஞ்ஞானிகள் வரைந்துவிட்டார்கள். ஆனால் அந்த அறிவு ஊருக்கு வந்து சேரவில்லை. கண் வலி வந்தவரைப் பார்த்தாலே நமக்கும் வந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதே வீட்டில், அதே துண்டில் ஐந்து பேர் முகம் துடைக்கிறோம். இந்த வைரஸின் அளவும் அமைப்பும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் உரிய விவரங்கள் அல்ல. கண் வலி வந்த வீட்டில் எதைச் செய்ய வேண்டும், எது வீண் என்பதற்கான விடை அதன் உடலிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் கண் வலி கிளம்புவது நமக்குப் பழக்கமான ஒன்று. காலையில் எழுந்தால் இமைகள் பீளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும், தண்ணீர் வடியும். ஒரு கண்ணில் தொடங்கி சில நாட்களில் மறு கண்ணுக்கும் போகும். பலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 4,000 முதல் 4,500 பேர் வரை பாதிக்கப்படுவதாகவும், அந்தப் பருவத்தில் அதுவரை ஒன்றரை லட்சம் பேருக்கு வந்துவிட்டதாகவும் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். திருமுக்கூடல், பழவேரி பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். தூசி விழுந்து கண் சிவப்பது அங்கே அன்றாடம். அதனால் முதல் இரண்டு நாள் பலரும் இதைத் தூசி என்றே நினைத்துக் கசக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த இரண்டு நாளிலும் நோய் பரவிக்கொண்டே இருக்கும்.

எழும்பூர் தந்த பெயர்

மெட்ராஸ் ஐ என்ற பெயருக்குக் காரணம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-ல் தொடங்கிய அது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனையாக எண்ணப்படுகிறது. அங்கே 1918-ல் அடினோவைரஸைப் பிரித்தெடுத்தார்கள் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தி வருகிறது. அப்படி நடந்திருக்க முடியாது. வைரஸைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி 1930-களில்தான் பிறந்தது. வைரஸை ஆய்வகத் திசுவில் வளர்க்கும் முறை 1949-க்குப் பிறகே கைகூடியது.

நடந்தது வேறு, அதுவும் பெரிய காரியமே. மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஹென்றி கிர்க்பாட்ரிக், சென்னையில் கூட்டங்கூட்டமாக வந்த கண் வலியில் சாதாரணச் சிவப்போடு நிற்காத ஒன்றைக் கவனித்தார். சிவப்பு அடங்கிய பிறகு கருவிழியின் மேல் சிறு சிறு வெண்புள்ளிகள் தோன்றின. அதை 1920-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜியில் விவரித்து எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆர். இ. ரைட், சென்னையில் மறுபடி வந்த பரவலைப் பற்றி 1930-ல் அதே இதழில் எழுதினார். காரணம் தெரியாமலே, கண்ணால் கண்டதை மட்டும் வைத்து ஒரு நோயை மற்ற கண் வலிகளிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். மருத்துவத்தில் பாதி வேலை அதுதான்.

வைரஸ் பிடிபட்டது 1953-ல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வாலஸ் ரோவும் ராபர்ட் ஹ்யூப்னரும் அவர்களுடைய குழுவினரும், குழந்தைகளின் மூக்குக்குப் பின்னாலிருந்து அறுத்தெடுத்த அடினாய்டு சதையைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பார்த்தபோது, சில வாரங்களில் செல்கள் தாமாகவே சிதைந்தன. உள்ளே ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. 1955-ல் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழு, வெண்புள்ளி வரும் கண் வலி நோயாளியிடமிருந்து அதே குடும்பத்தின் 8-ஆம் வகையைப் பிரித்தது. எழும்பூர் மருத்துவர்கள் விவரித்த நோய்க்குக் காரணம் அப்போதுதான் கிடைத்தது. இன்று மனிதர்களைத் தொற்றும் அடினோவைரஸ் வகைகள் 100-க்கு மேல் தெரியும். சில தொண்டையைப் பிடிக்கும், 40, 41 வகைகள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும், 3, 7 போன்றவை நுரையீரல் வரை இறங்கும். 2023 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் குழந்தைகள் வார்டுகளை நிரப்பியது இந்தக் குடும்பம்தான்.

எவ்வளவு சிறியது

அடினோவைரஸின் குறுக்களவு சுமார் 90 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்த எண் மனத்தில் நிற்காது. இப்படிப் பார்க்கலாம்: வைரஸை 50,000 மடங்கு பெருக்கினால் அது ஒரு மிளகு அளவுக்கு வரும். அதே அளவுக்கு மனிதரையும் பெருக்கினால், சராசரி உயரமுள்ள ஒருவர் 80 கிலோமீட்டர் நீள்வார். பழையசீவரம் ரயில் நிலையத்தில் கால் இருந்தால் தலை எழும்பூரையும் தாண்டிப் போகும். அவருடைய கண் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக அகலம். அந்தக் கண்ணின் ஓரத்தில் எங்கோ ஒட்டிய மிளகுதான் இந்த வைரஸ்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உள்ள நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அது ஒளியின் எல்லை, லென்ஸின் குறை அல்ல. ஆகவே கிர்க்பாட்ரிக் எவ்வளவு நல்ல நுண்ணோக்கியை வைத்திருந்தாலும் இது சிக்கியிருக்காது. இத்தனைக்கும் வைரஸ்களில் இது சிறியது அல்ல, நடுத்தரம். போலியோ வைரஸ் வெறும் 30 நானோமீட்டர்.

ஓடு கட்டிய கணக்கு

1959-ல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹோர்ன், சிட்னி பிரென்னர், வாட்டர்சன், வைல்டி ஆகிய நால்வரும் அடினோவைரஸைச் சுற்றி ஒரு கன உலோக உப்பைப் பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். பின்னணி கறுத்தது, வைரஸ் வெளுத்துத் தெரிந்தது. அதுவரை மங்கலான உருண்டையாக இருந்தது, கூர் முனைகளும் தட்டையான முகங்களும் கொண்ட வடிவமாக நின்றது. 20 முக்கோண முகங்கள், 12 முனைகள். மேல்பரப்பு முழுக்க ஒழுங்காக அடுக்கிய குமிழ்கள். எண்ணினால் 252.

அந்த 252-ல் 240 ஒரே இனம். ஹெக்சான் என்று பெயர். ஒரு முகத்துக்கு 12 வீதம் 20 முகத்துக்கு 240. ஒவ்வொரு ஹெக்சானும் ஒரே புரதத்தின் மூன்று பிரதிகள் பின்னிக்கொண்டு உண்டானது. மிச்சமுள்ள பன்னிரண்டும் முனைகளில் உட்காரும் பென்டான்கள். பென்டானின் அடிப்பகுதி ஐந்து பிரதிகளால் ஆனது. அதன் நடுவிலிருந்து ஃபைபர் என்னும் மெல்லிய தண்டு வெளியே நீள்கிறது, அது மூன்று பிரதிகளின் முறுக்கு. தண்டின் நுனியில் ஒரு குமிழ். இவ்வளவும் இடம் பெயராமல் இருக்க, இடுக்குகளில் சிறிய புரதங்கள் சிமென்ட் வேலை பார்க்கின்றன.

ஏன் இவ்வளவு ஒழுங்கு? அழகுக்காக அல்ல, சிக்கனத்துக்காக. 240 ஹெக்சான்களுக்கு 720 புரதங்கள் வேண்டும். ஒரு ஹெக்சான் புரதத்தில் ஏறக்குறைய 950 அமினோ அமிலங்கள். அதை எழுதி வைக்க மரபுப் பொருளில் சுமார் 2,850 எழுத்துகள் தேவை. 720-ம் வெவ்வேறாக இருந்தால் 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல் வேண்டியிருக்கும். வைரஸிடம் மொத்தமே சுமார் 36,000 எழுத்துகள்தான். ஆகவே ஒரே பாகத்தை எழுதி வைத்து, அதையே நூற்றுக்கணக்கில் வார்த்து, ஒன்றோடொன்று தானே பொருந்தும்படி அடுக்கிக்கொள்கிறது. ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப வைத்து உள்ளே அதிக இடமுள்ள ஒரு மூடிய கூட்டைக் கட்ட, இந்த இருபது முக வடிவம் மிக வசதியானது. சிறிய வைரஸ்களின் ஓடு ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்று வாட்சனும் கிரிக்கும் 1956-லேயே ஊகித்திருந்தார்கள்.

அந்த 36,000 எழுத்துகளும் இரட்டை இழை டிஎன்ஏ. நீட்டினால் 12,000 நானோமீட்டர் வரும். இருப்பிடமோ 90 நானோமீட்டர். புரதங்களோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறது.

1959-க்குப் பிறகு இந்த உடலை அணு அளவில் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது. 2010-ல் சயன்ஸ் இதழில் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று ஹாங் சோவ் குழுவினுடையது, உறையவைத்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தது. மற்றொன்று ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் வைரஸையே படிகமாக்கி எக்ஸ்-கதிர் பாய்ச்சி 0.35 நானோமீட்டர் நுட்பத்தில் வரைந்தது. நீளமான ஃபைபர்கள் படிகமாக விடாமல் இடைஞ்சல் செய்ததால், குட்டை ஃபைபர் கொண்ட வேறு வகையிலிருந்து அந்தப் பகுதியை மாற்றிப் பொருத்தி இந்தக் காரியத்தை முடித்தார்கள். அந்தக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்கள் விஜய் ரெட்டி, குந்தவை நாச்சியார், ஃபீபி ஸ்டூவர்ட், க்ளென் நெமரோ. சோழர் கல்வெட்டில் தொடங்கிய இந்தக் கட்டுரையில் குந்தவை என்ற பெயரை எழுதும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. சிமென்ட் புரதங்கள் எங்கே உட்காருகின்றன என்பதில் மட்டும் இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. அந்த வாக்குவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

எக்ஸ்-கதிர் வழியாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்கள், அது நம்பத்தக்கதா என்று சோதிக்கப் பயன்படுத்தும் வரைபடம் சென்னையில் பிறந்தது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் அது. அடினோவைரஸின் இருபது முகத்தைக் காட்டிய 1959 கட்டுரை வந்த ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜியில்தான் இதுவும் வந்தது. நோய்க்குப் பெயர் தந்த ஊர், அதை ஆராயும் அளவுகோலையும் தந்தது. நம் பாடப்புத்தகங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குள் நுழையும் விதம்

வைரஸின் எந்தப் பாகமும் சும்மா இல்லை. ஃபைபரின் நுனிக் குமிழ்தான் முதலில் செல்லைத் தொடுகிறது. எந்த உறுப்பைப் பிடிப்பது என்பதில் அந்தக் குமிழின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 8, 37 போன்ற கண் வகைகளின் குமிழ், கண்ணின் மேற்பரப்புச் செல்களில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ளும். அடுத்து பென்டான் அடிப்பகுதி செல்லின் இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். செல் அதைத் தன்னுள்ளே விழுங்கும். விழுங்கிய பையின் அமிலத்தில் ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, உள்ளிருந்து வரும் ஒரு புரதம் பையைக் கிழிக்கும். பிறகு செல்லுக்குள்ளேயே இருக்கும் போக்குவரத்துப் பாதையைப் பயன்படுத்திக் கருவின் வாசல் வரை போய், டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். அதன்பின் அந்தச் செல் வைரஸுக்காக வேலை செய்கிறது. ஒரு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் புதிய வைரஸ்கள் வெளிவரும். பீளையிலும் கண்ணீரிலும் இருப்பவை அவைதான்.

மேலுறை இல்லை என்பதுதான் செய்தி

இத்தனை விவரத்திலும் வீட்டுக்கு வேண்டிய விவரம் ஒன்று உண்டு. கொரோனா வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சானிடைசரும் சோப்பும் அந்தக் கொழுப்பைக் கரைத்தால் வைரஸ் செத்துவிடும். அடினோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. வெறும் புரத ஓடுதான். கரைக்கக் கொழுப்பு இல்லாததால் சானிடைசருக்கு அது எளிதில் மசியாது. காய்ந்தாலும் உடனே சாகாது. பிளாஸ்டிக் போன்ற பரப்புகளில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். கண் மருத்துவமனைகளிலேயே கருவிகள் வழியாகவும் சொட்டு மருந்துக் குப்பிகள் வழியாகவும் பரவிய வரலாறு இந்த நோய்க்கு உண்டு.

இதை வைத்து நம் பழக்கங்களை எடைபோட்டுப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கும், கண்ணைக் கசக்காமல் தடுக்கும். அவ்வளவுதான். பார்வை வழியாக எந்த வைரஸும் போகாது. கண்ணிலிருந்து கைக்கு, கையிலிருந்து துண்டுக்கு, தலையணைக்கு, கண் மைக் குச்சிக்கு, பஸ் கம்பிக்கு, செல்போனுக்கு, அங்கிருந்து இன்னொருவர் கைக்கும் கண்ணுக்கும்: அதன் வழி இது. சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதைவிட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது மேல். சோப்பு இந்த ஓட்டைக் கரைக்காது, ஆனால் தேய்ப்பும் தண்ணீரும் அதைக் கையைவிட்டு அகற்றிவிடும். பொதுவாகப் புழங்கும் இடங்களைத் துடைக்க ப்ளீச்சிங் கரைசல் நல்லது. குளோரின் இந்த ஓட்டைத் தாக்கும்.

மெட்ராஸ் ஐ எல்லாமே அடினோவைரஸ் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில பரவல்களுக்கு எண்டெரோவைரஸ்கள் காரணம். 1971-ல் கல்கத்தாவில் ஜோய் பாங்ளா என்று பெயர் பெற்ற கண் வலி அந்த இனத்தைச் சேர்ந்தது. அவை இன்னும் சிறியவை, சுமார் 30 நானோமீட்டர். அவற்றுக்கும் மேலுறை கிடையாது. எனவே எந்த வைரஸாக இருந்தாலும் துண்டு விஷயத்தில் விதி ஒன்றே.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. ஆன்டிபயாட்டிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதைவிட ஆபத்து. சிவப்பை உடனே குறைக்கும், அதனால் குணமானதுபோல் தெரியும். ஆனால் வைரஸ் மேலும் பல நாள் வெளியேறிக்கொண்டிருக்க அது உதவிவிடும். வந்திருப்பது அடினோவைரஸாக இல்லாமல் ஹெர்பிஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகும். தாய்ப்பால் பீய்ச்சி விடுவதும் வேண்டாம், பாக்டீரியா சேர்ந்துகொள்ள அது வழி. கிர்க்பாட்ரிக் கண்ட வெண்புள்ளிகள் சிலருக்கு மாதக்கணக்கில் நின்று பார்வையை மங்கலாக்கும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் உட்கார்ந்து ஜரிகை இழையைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு அது பிழைப்பின் பிரச்சினை. அதைக் கண் மருத்துவர் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும்.

அதே ஓடு, வேறு வேலை

2021-ல் நம்மில் பெரும்பாலோர் கையில் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசியிலும் ஓர் அடினோவைரஸ்தான் இருந்தது. சிம்பன்சியைத் தொற்றும் வகை அது. பெருகுவதற்கு வேண்டிய மரபணுவை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை வைத்தார்கள். ஒரு தவணையில் சுமார் 5,000 கோடித் துகள்கள். மேலுறை இல்லாத அந்த உறுதியான ஓடுதான் இங்கே நமக்குக் கைகொடுத்தது. ஃபைசர் தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டபோது, இதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரணக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க முடிந்தது. மிக அரிதாகச் சிலருக்கு உண்டான ரத்த உறைவுக்கும், ரத்தத்திலுள்ள ஒரு புரதம் இந்த ஓட்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டின. நன்மையும் தீங்கும் அதே ஓட்டிலிருந்தே வந்தன.

மறுபடி கண் வலிக்கு வருவோம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வருவார். ஊரே திரளும். அந்தக் கூட்டத்துக்குப் போக யாரும் பயப்பட வேண்டியதில்லை. கண் சிவந்தவர்கள் மட்டும் அன்றைக்கு வீட்டில் இருங்கள். பிள்ளைக்குக் கண் வலி என்றால் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர்களும் அந்த விடுப்பைக் குற்றமாக எண்ணாதீர்கள். துண்டு, தலையணை உறை, சோப்பு மூன்றும் கண் வலி வந்தவருக்குத் தனியாக இருக்கட்டும். கண்ணைத் துடைக்க ஒருமுறை பயன்படுத்தி எறியும் பஞ்சு போதும். குணமாகும் வரை, இரண்டு வாரம் ஆனாலும், இதைக் கடைப்பிடியுங்கள். பார்வை மங்கினாலோ, வலி கூடினாலோ, வெளிச்சம் தாங்க முடியாமல் போனாலோ கடையில் சொட்டு மருந்து கேட்காமல் அன்றே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள கண் மருத்துவரிடமோ போய்க் காட்டுங்கள்.